கதவுள்ள ஓர் அறை
(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரை நினைக்கும்போது இதழாளர், பௌத்தர், வரலாற்றைத் திருப்பி எழுதியவர் என்று சொல்கிறோம். அவர் சித்த மருத்துவர் என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர், நாடி பிடித்து மருந்து கொடுத்தவரும்கூட. நமக்குப் பக்கத்தில், எல்லைக்கு அந்தப்புறம் கோலார் தங்கவயலில் இருக்கும் மாரிகுப்பத்தில், சுரங்கத் தொழிலாளர்களிடையே அவருடைய பௌத்த சங்கத்தின் கிளை வேர்விட்டது. அன்று நம் ஆட்கள் வேலை தேடி எல்லை தாண்டினார்கள். இன்று வேலை ஓசூருக்கே வந்திருக்கிறது. அந்த வேலைக்கு வருபவர்களில் பலர் 18, 19 வயதுப் பெண்பிள்ளைகள். அவர்களுக்குக் கிடைக்கும் மருத்துவத்தின் தரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வளரிளம் பருவத்தினருக்கென ஒன்றிய அரசு 2014 ஜனவரியில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. 10 முதல் 19 வயதுவரை எல்லோருக்குமானது. ஊட்டச்சத்து, பாலியல்நலம், மனநலம், வன்முறை, போதை, தொற்றா நோய்கள் என்று ஆறு விஷயங்களையும் சேர்த்துப் பார்க்கிறது. தனிமை வேண்டும், ரகசியம் காக்க வேண்டும், பிள்ளையைக் குற்றவாளிபோல் நடத்தக் கூடாது என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். படித்துப் பாருங்கள், நன்றாகவே இருக்கிறது.

ஆனால் நடைமுறையில் இந்தத் திட்டம் பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது. வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, ஆண்டுக்கொரு பரிசோதனை, எல்லாம் வகுப்பறையில்தான். படிப்பை விட்ட பெண்பிள்ளை அங்கன்வாடியில் மாத்திரை வாங்கிக்கொள்ளலாம். அங்கன்வாடி திறந்திருக்கும் நேரத்தில் அவள் ஆலையில் இருப்பாள், அல்லது நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பாள். படிப்பை விட்ட பையனுக்கு அந்த மாத்திரைத் திட்டத்தில் இடமே இல்லை. கிரானைட் பட்டறையில் 16 வயதில் நிற்கும் நம் தம்பிகளைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. எந்தப் பாதி என்று நமக்குத் தெரியாதா?

சில காலத்துக்கு முன் எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியை அரசு சுகாதார நிலையம் ஒன்றுக்கு அழைத்துப்போனேன். ப்ளஸ் டூ முடித்து ஆலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நைட் ஷிஃப்ட் தொடங்கியதிலிருந்து மாதவிலக்கு தள்ளித்தள்ளிப் போய், மூன்று மாதமாக நின்றே விட்டது. அம்மாவிடம் சொல்லப் பயம். எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சீட்டு எழுதியவர் தலை நிமிரவில்லை.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க."

"எந்த ஊரு?"

சொன்னாள்.

"ஊரா, காலனியா?"

பின்னால் பேச்சு நின்றது. அவள் கழுத்தைக் குனிந்துகொண்டாள்.

"என்ன பண்ணுது?"

"தலைவலி."

பாரசிட்டமால் பத்து கொடுத்தார்கள். வெளியே வந்ததும், "அதைக் கேட்டுட்டாங்கல்ல அக்கா, அதுக்கு மேல இதை எப்படிச் சொல்றது?" என்றாள்.

சீட்டு எழுதியவர் கெட்டவர் அல்ல. காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்திருப்பார். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். அந்த மேசைக்கும் அந்த அறிவிப்பு போய்ச் சேர வேண்டும். இன்னொன்று, இது தமிழ் பேசும் பெண்ணின் கதை. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் இங்கே பாதி. ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் ஆதிவாசிப் பெண்பிள்ளை தன் வயிற்றுவலியை எந்த மொழியில் சொல்வாள்?

ஆலை பார்த்துக்கொள்ளும் என்பார்கள். ஆலை எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயரோ உறையோ இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியதை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, சுமார் 100 பெண்களிடம் பேசி வெளியிட்டது. வலி போனால் போதும், மெஷின் நிற்கக் கூடாது. நம் பக்கத்தில் 2025 நவம்பரில் பெண் தொழிலாளர் விடுதிக் குளியலறையில் கேமரா கண்டெடுக்கப்பட்டது. அந்தப் பெண்கள் திரண்டு இரவில் போராடினார்கள். அதைப் போலீஸ் வழக்காக மட்டும் பேசினோம். அந்த விடுதியில் அதற்குப் பிறகு எத்தனை பேருக்குத் தூக்கம் வரவில்லை, எத்தனை பேர் குளிக்கப் பயந்தார்கள் என்று கேட்க ஒரு மனநல ஆலோசகர் போனாரா என்று நாமும் கேட்கவில்லை. அது நம் தவறு.

மலைப்பக்கம் நிலைமை வேறு. அதே 2025 மார்ச்சில், அஞ்செட்டிப் பகுதியில் 14 வயதுச் சிறுமியைக் கட்டாயக் கல்யாணம் செய்துவைத்துத் தூக்கிக்கொண்டு போகும் காட்சியை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். இப்படிப்பட்ட பெண் கர்ப்பமானால் மருத்துவமனை போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். சட்டம் தேவைதான், நான் அதற்கு எதிரியல்ல. ஆனால் பயந்துபோன குடும்பம் அவளை அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கம் கூட்டிப்போகிறது. அங்கேயும் இதே சட்டம்தான். முகம் தெரியாத ஊர், அவ்வளவுதான் வித்தியாசம். பரிசோதனை தள்ளிப்போகிறது, ரத்தம் குறைகிறது, பிரசவத்தில் உயிருக்கு ஆபத்து வருகிறது. 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. இணக்கமான உறவில் கர்ப்பமான மைனர் பெண்ணும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், கருக்கலைப்புக்கு வரும் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லத் தேவையில்லை. மலைக்கிராமத்தில் எந்தத் தாய்க்கு இது தெரியும்? கிராமச் செவிலியருக்கே தெரியுமா என்று போய்க் கேளுங்கள்.

இந்த அமைப்பின் சார்பில் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறோம். ஷிஃப்ட் விடும் நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வளரிளம் பருவத்தினருக்கான பிரிவு திறந்திருக்க வேண்டும். பெயர், வயது தவிர வரிசையில் வைத்து எதையும் கேட்கக் கூடாது. மற்றதெல்லாம் கதவு மூடிய அறைக்குள். தெலுங்கு, கன்னடம், இந்தி தெரிந்த பெண் ஆலோசகர்கள் வேண்டும். தொழிலாளர் விடுதிகளுக்கும் மலைக்கிராமங்களுக்கும் அவர்களே போக வேண்டும். புதிதாக எதையும் கேட்கவில்லை. 2014-இல் அவர்களே எழுதியதில் பாதி இது.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் மாணவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். நாளை உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அங்கே ஒரு பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்து பேசக் கதவுள்ள அறை இருக்கிறதா, அதில் இப்போது என்ன அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, உங்கள் பெயருக்கு எதிரே எழுதுங்கள். ஆலையில் வேலை பார்க்கும் தங்கைகள் கையெழுத்துப் போட வேண்டாம். அவர்களுக்காக நாம் போடுவோம்.