பரு உள்ள முகத்துக்கு எண்ணெய் ஆகுமா?

(நமது டிரஸ்ட் நடத்திய தாய்மார்கள் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிள்ளைக்கு முகத்தில் பரு வந்ததும் நம் கை முதலில் போவது எண்ணெய்ப் புட்டிக்குத்தான். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், கருஞ்சீரக எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்கிறோம். எள்ளும் கடலையும் விளையும் கரிசல் பூமி நம்முடையது. செக்கு எண்ணெயை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. ஆனால் சமையலுக்கு நல்லதெல்லாம் பருமுகத்துக்கு நல்லதாகிவிடாது.

பருவ வயதில் ஹார்மோன் மாற்றத்தால் தோல் தானே அதிக எண்ணெய் சுரக்கிறது. அதுவும் இறந்த செல்களும் சேர்ந்து மயிர்க்கால் துளையை அடைக்க, உள்ளே கிருமி பெருகி வீங்குவதே பரு. அதன்மேல் மேலும் எண்ணெய் பூசினால் அடைப்பு கூடலாம். தேங்காய் எண்ணெயில் இது அதிகம். தலைக்குத் தடவும் எண்ணெய்ப்பசையால் நெற்றியில் பரு வருவதை அமெரிக்க மருத்துவர்கள் 1970-லேயே எழுதியிருக்கிறார்கள். எண்ணெய்த் தலைக்கு மேல் ஹிஜாப் கட்டி, வெயிலில் வியர்த்து வரும் நம் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.

கருஞ்சீரகம் நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னது. அதன் மதிப்பு குறையாது. ஆனால் எண்ணெயை அப்படியே பூசி முகம் சிவந்து கொப்பளித்தவர்களும் உண்டு. நோய்க்கு மருத்துவம் பார்க்கச் சொன்னதும் அதே நபிவழிதான்.

பருவுக்குப் பலன் தந்த தாவர எண்ணெயே இல்லையா? உண்டு. 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் டீ ட்ரீ எண்ணெயைச் சோதித்தார்கள். பரு குறைந்தது, வழக்கமான பரு மருந்தைவிட மெதுவாக. அதுவும் 5 சதவீதம் மட்டும் கலந்த ஜெல். புட்டி எண்ணெயை நேராகப் பூசியதல்ல.

எண்ணெயைவிட எங்களுக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவசரப்பட்டு, கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீம். முதல் வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். போகப் போகத் தோல் மெலியும், பரு கூடும், முடி முளைக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆகவே சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. ஒளுவுக்குத் தண்ணீரே போதும். சோப்பு நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். எண்ணெயைத் தலையோடு நிறுத்துங்கள், தேய்த்தபின் அலசிவிடுங்கள். ஹிஜாபின் உள்தொப்பியைத் தினமும் துவையுங்கள். பருவைக் கிள்ளாதீர்கள்.

வலியும் கட்டியும் தழும்பும் இருந்தால் தாமதிக்க வேண்டாம். தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் மருத்துவரைப் பார்க்கலாம். கர்ப்பிணிகள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில பரு மருந்துகள் கருவுக்கு ஆகாது. மருந்து பலன் தர 2 மாதம்கூட ஆகும். பொறுமை வேண்டும்.

அதுவரை பிள்ளையின் முகத்தைப் பார்த்து யாரும் குறை பேசாமல் இருப்பதும் ஒரு மருந்துதான்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நல்ல சுகத்தைத் தருவானாக. வஸ்ஸலாம்.