இறப்புக்குப் பின் ஆன்மா: மறை கூறுவதும் சுவர் கூறுவதும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



மனிதன் இறந்தபின் அவனது ஆன்மா எங்குச் செல்கிறது என்பது மிகத் தொன்மையான வினா. நம் சமுதாயத்தில் கிறித்தவ மறையைத் தழுவியோரும் உள்ளனர், தழுவாதோரும் உள்ளனர். இருசாராரும் அறியத்தக்கது என்பதால் இப்பொருளை இன்று நாம் எடுத்துக்கொண்டோம். மறை கூறுவது எது, வழக்கம் கூறுவது எது எனப் பிரித்தறிவதும் கல்வியின் பயன்களுள் ஒன்றன்றோ?

கிறித்தவ நம்பிக்கையில் ஆன்மா பல பிறவி எடுப்பதில்லை. வாழ்வு ஒன்று, இறப்பு ஒன்று, அதன்பின் தீர்ப்பு. எனவே, முற்பிறவியின் வினையால் ஒருவன் தாழ்ந்த குலத்தில் பிறந்தான் என்னும் பேச்சுக்கு இம்மறையில் வேரூன்ற இடமில்லை. இதனை நாம் முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைப்படி, இறந்தவுடன் ஒவ்வோர் ஆன்மாவுக்கும் தனித்தீர்வை உண்டு. தூய ஆன்மா மோட்சம் அடையும். கடவுளை முற்றிலும் புறக்கணித்த ஆன்மா நரகம் சேரும். கடவுளின் அன்பில் இறந்தும் முழுத் தூய்மை எய்தாத ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறும். காலத்தின் முடிவில் உடல்கள் உயிர்த்தெழும். அன்று பொதுத்தீர்வை நிகழும்.

இப்போதனை தெளிவுபட்ட வரலாறு சுவையானது. 1331இல் பிரான்சு நாட்டு அவிஞோன் நகரிலிருந்து ஆண்ட பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவான், இறந்த நல்லோரின் ஆன்மாக்கள் பொதுத்தீர்வைக்குப் பின்னரே கடவுளை முகமுகமாய்க் காணும் என்று பிரசங்கித்தார். பாரிசுப் பல்கலைக்கழக இறையியல் அறிஞர்கள் அதனை மறுத்தனர். 1334இல் மரணப்படுக்கையில் அவர் தம் கருத்தைத் திரும்பப் பெற்றார். அவருக்குப் பின் வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட், தூய ஆன்மாக்கள் பொதுத்தீர்வைக்கு முன்னரே கடவுளைக் காண்கின்றன என 1336இல் வரையறுத்தார். கற்றோர் வினவியதால் பாப்பரசரின் கருத்தே திருத்தம் பெற்றது என்பதை நம் இளைஞர்கள் கருதிப் பார்த்தல் நலம்.

மரண பயத்தை வாணிகமாக்கியோரும் இருந்தனர். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்து 1517இல் மார்ட்டின் லூதர் குரலெழுப்பினார். உத்தரிக்கிற ஸ்தலம் என்னும் கோட்பாட்டையே சீர்திருத்த சபையார் பின்னர் விலக்கினர். அக்கோட்பாட்டை உறுதி செய்த ட்ரெண்ட் சங்கமும், இழிந்த ஆதாயத்துக்காக அதனைப் பயன்படுத்தலாகாது என 1563இல் விதித்தது.

இவ்வளவு வேறுபாடுகளுக்கிடையிலும் ஒரு செய்தியில் சபைகளிடையே வேறுபாடில்லை. தீர்ப்பு நாளில் பிறப்பு கேட்கப்படுவதில்லை. மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் தீர்ப்புக்குரிய செயல்கள் ஆறு கூறப்படுகின்றன. பசித்தவனுக்கு உணவளித்தாயா, தாகமுற்றவனுக்கு நீர் தந்தாயா, அந்நியனை ஏற்றாயா, ஆடையற்றவனுக்கு உடை கொடுத்தாயா, நோயுற்றவனைப் பார்த்தாயா, சிறையிலிருப்பவனிடம் சென்றாயா என்பனவே அவை. உன் குலம் யாது என்னும் வினா அங்கில்லை. லூக்கா நற்செய்தியின் உவமையில், செல்வனின் வாயிலில் புண்களுடன் கிடந்த ஏழைக்கு இலாசர் என்னும் பெயருண்டு. செல்வனுக்குப் பெயரே கூறப்படவில்லை. இயேசுவின் உடலும் அரிமத்தியா ஊர் யோசேப்பு தமக்கென அமைத்திருந்த கல்லறையில்தான் வைக்கப்பட்டது.

மறை இவ்வாறு கூற, மண் என்ன கூறுகிறது? தமிழகத்தின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுந்தது. நம்மவருக்குத் தனி இடமும், பிணம் கொண்டு செல்லத் தனிப் பாதையும் வகுக்கப்பட்டன. ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில், சுவரின் இப்புறமும் மெழுகுவர்த்தி எரிகிறது, அப்புறமும் எரிகிறது. இருபுறமும் சொல்லப்படும் மன்றாட்டு ஒன்றே.

அம்மன்றாட்டின் பொருளைச் சிந்திப்போம். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்கு உயிரோடிருப்போரின் செபம் துணையாகும் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. அங்ஙனமாயின், இப்புறம் நிற்கும் நம் கூலிக்காரத் தாய் சொல்லும் செபம், அப்புறம் புதைக்கப்பட்ட நிலக்கிழாரின் ஆன்மாவுக்கும் துணையாகிறது. செபம் தடையின்றிக் கடக்கும் சுவரை உடல் கடத்தலாகாது என்பது எந்த வேதம்? 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்' என்று நாவால் அறிக்கையிடுவோர், உயிர்த்தெழ வேண்டிய உடல்களைச் சாதிவாரியாகப் பிரித்துப் புதைத்தல் தம் விசுவாசத்தைத் தாமே மறுப்பதாகும்.

இது நமது மனக்குறை மட்டுமன்று. 2003இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துரைத்தார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் தலித் மக்களுக்கான தனிக் கொள்கையை வெளியிட்டது. ஆதலின் சுவரை நீக்கக் கோருவது மறைக்கு எதிரான கலகமன்று; மறையை மெய்யாகக் கடைப்பிடிக்கக் கோருவதாகும்.

இளைஞர்களே! நம் முன்னோர் இந்நம்பிக்கையைக் காதால் கேட்டனர். பெரும்பாலோர்க்குப் படிக்க வாய்ப்பில்லை. நமக்கு அவ்வாய்ப்பு வந்துள்ளது. மறைநூலை நாமே படிப்போம். சபைச் சட்டங்களைப் படிப்போம். பங்குக் கூட்டங்களில் அமைதியாகவும் அஞ்சாமலும் வினவுவோம். மறுமையில் சமத்துவம் உண்டென்று ஆறுதல் கூறி, இம்மையில் நம்மை ஒதுக்குவோரிடம் நாம் கூற வேண்டிய விடை ஒன்றே: அங்கே இல்லாத சுவர் இங்கேயும் வேண்டாம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் கல்வி!