தேடுவார்க்குத் தென்படும் நூல்

(தம் நூலைத் தாமே வெளியிடும் எழுத்தாளர்க்கென இளம்பிள்ளையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவு)



கஞ்சமலையை அடுத்த இவ்வூரில் தறியோசை கேளாத தெரு அரிது. பாவும் ஊடையும் கூடிச் சேலையாகின்றன. ஆயினும், நெய்து முடித்த அளவிலேயே எச்சேலையும் விலைபோய்விடுவதில்லை. மடித்துப் பேழைக்குள் வைத்துப் பூட்டிய சேலையை அறிவார் யார்? இன்று இளம்பிள்ளை வணிகர் புலனம் எனப்பெறும் வாட்சாப்பிலும், வலையொளி எனப்பெறும் யூடியூப்பிலும் தம் சேலையை விரித்துக் காட்டுகின்றனர். ஊர்ப்பெயர், இழையின் வகை, கரை, முந்தி, நிறம், விலை ஆகிய அனைத்தையும் படத்தின்கீழ் எழுதுகின்றனர். சேலை என்று தேடுவாரும் உளர். புடவை என்று தேடுவாரும் உளர். சாரி என்றே தேடுவாரும் உளர். வணிகர் இம்மூவரையும் கருத்திற் கொள்கின்றார்.

தம் நூலைத் தாமே வெளியிடும் தமிழ் நூலாசிரியர் நிலை என்ன? பல்லாண்டு உழைத்து எழுதுகின்றார். கைப்பொருளை இட்டு அச்சிடுகின்றார். அட்டை கட்டிய நாளோடு தம் பணி முடிந்ததென்று அமைகின்றார். நூற்கட்டுகள் வீட்டின் மூலையிற் கிடக்கின்றன. ‘தமிழர் நூல் வாங்குவதில்லை’ என்னும் பழி மட்டும் ஊரெங்கும் உலவுகின்றது. அப்பழியில் உண்மை ஓரளவு இருக்கலாம். ஆனால் அந்நூலைத் தேடியவர் கண்ணில் அது படவில்லை என்பது அதனினும் பெரிய உண்மை.

தம் பொருளில் நூல் வெளியிடுதல் தமிழுலகிற்குப் புதிதன்று. 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் பயிற்றிய மொழிஞாயிறு பாவாணர், 1966-இல் ஆங்கிலத்தில் எழுதிய தம் பெருநூலைத் தம் துணைவியார் நேசமணி அம்மையார் பெயரிலமைந்த பதிப்பகத்தின் வழியே வெளியிட்டார். அத்தகையோர் நூல்களைக் கற்றார் வாய்மொழியும் இதழ்களும் அஞ்சலட்டைகளும் பரப்பின. இன்று படிப்பவர் முதலிற் கேட்பது தேடுபொறியையே. ஆதலின் அப்பொறி எவ்வாறு தேடுகின்றது என்பதை அறிவது நூலாசிரியர் கடன்.

தேடுபொறி நூலின் அருமையை அறியாது. அது இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, எச்சொல் எப்பக்கத்தில் உள்ளதெனப் பெரியதோர் அகரவரிசைப் பட்டியைத் தொகுத்து வைத்திருக்கின்றது. நூலின் இறுதியிற் சேர்க்கப்பெறும் பாட்டு முதற்குறிப்பு அகரவரிசை போன்றதே அது. பட்டியிற் சொல் இல்லையேல் பக்கமும் இல்லை.

முதல் இடர்ப்பாடு இங்கேதான் நேர்கின்றது. தமிழ் அச்சகங்களிற் பல, பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நூல்களைக் கோத்து வந்தன. அவ்வெழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். கணினிக்குள்ளோ அது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே! அந்நூலைப் பி.டி.எப். ஆக்கி அப்படியே இணையத்தில் ஏற்றினால், தேடுபொறி அதிற் காண்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. முந்நூறு பக்கமும் பிறமொழிச் சொல் கலவாது எழுதிய நூல், பொறியின் பட்டியில் ஒரு தமிழ்ச்சொல்லும் இல்லாத நூலாகிவிடுகின்றது! ஒருங்குறி எனப்பெறும் யூனிகோடில் தமிழ் 1991-ஆம் ஆண்டே இடம்பெற்றது. 2010-இல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்று ஆணையிட்டது. எனவே அச்சகத்தாரிடம் நூலாசிரியர் முதலிற் கேட்க வேண்டுவது ஒருங்குறிக் கோப்பையே. பழைய கோப்பு மட்டும் உள்ளதாயின் அதனை மாற்றித்தரும் கருவிகள் உள. மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது.

அடுத்தது பெயர். ஒரே ஆசிரியர் ஒரு நூலில் முன்னெழுத்தோடும், மற்றொன்றில் முன்னெழுத்தின்றியும், வேறொன்றிற் புனைபெயரிலும் எழுதினால், பொறி அவரை மூவராகவே எண்ணக்கூடும். பாவாணரே ஞா. தேவநேயன், தேவநேயப் பாவாணர், மொழிஞாயிறு எனப் பலவாறு சுட்டப்பெறுகின்றார். அவர் புகழ் அப்பெயர்களையெல்லாம் இணைத்துவிட்டது. புதிய எழுத்தாளர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆதலின் ஒரு பெயரைத் தேர்ந்து, எழுத்து மாறாது எங்கும் அதனையே இடுக. ஊர்ப்பெயரிலும் இதே சிக்கல் உண்டு. இவ்வூர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதுவோருள் சிலர் ‘ஐ’ எழுத்திலும் சிலர் ‘ஈ’ எழுத்திலும் தொடங்குகின்றனர். தமிழொலிப்புக்கு ஏற்ப 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்தித் தமிழ்நாட்டரசு 2020 சூன் திங்களில் வெளியிட்ட பட்டியலும் அதே திங்களில் திரும்பப் பெறப்பட்டது. எனவே இவ்வூரைப் பற்றி எழுதுவோர் தம் நூற்குறிப்பில் இரண்டு வகை எழுத்தையும் ஒருமுறை குறித்தல் நன்று.

இனி, தூயதமிழில் எழுதுவோர்க்கே உரிய வினா ஒன்று எழுகின்றது. மக்கள் தேடும் சொல் கலப்புச் சொல்லாயிருப்பின், நூலாசிரியர் தம் கொள்கையைக் கைவிட வேண்டுமா?

வேண்டா. ஆனால் மக்கள் சொல்லைக் காணாதவர்போல் இருத்தலும் கூடாது. 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அதே 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலானோர் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்கக் கழகம் ஒன்று கண்டனர். கொள்கையில் இரு முயற்சிகளும் வேறுபட்டவை; தமிழுக்குப் புதுச்சொல் வேண்டும் என்னும் உணர்வு இரண்டிற்கும் பொதுவாயிருந்தது. அக்காலத்தே ‘வேட்பாளர்’ என்னும் சொல்லை எவரேனும் தேடியிருப்பரா? ‘அபேட்சகர்’ என்பதே வழக்கு. ‘அக்கிராசனர்’ இருந்த இடத்தில் ‘தலைவர்’ அமர்ந்ததும், ‘காரியதரிசி’ போய்ச் ‘செயலாளர்’ வந்ததும், ‘நமஸ்காரம்’ தேய்ந்து ‘வணக்கம்’ வளர்ந்ததும் ஒரே நாளில் நிகழ்ந்தவை அல்ல. பழஞ்சொல் நின்ற அதே மேடையிலும் அதே அறிக்கையிலும் புதுச்சொல்லை மக்கள் திரும்பத் திரும்பக் கண்டனர். அறிந்த சொல்லின் பக்கத்தில் நின்றதனாலேயே அறியாத சொல் அறிந்ததாயிற்று.

இணையத்திலும் நெறி அதுவே. நெசவு பற்றிய நூலொன்றுக்கு ‘இழைமரபு’ என்று மட்டும் பெயரிட்டதாகக் கொள்க. அழகிய பெயரே, ஆயினும் அச்சொல்லைத் தேடுவார் எவரும் இரார். ‘இழைமரபு: இளம்பிள்ளைச் சேலையும் கைத்தறி நெசவும்’ என்று துணைத்தலைப்பு இட்டால், சேலையைத் தேடுவார்க்கும் கைத்தறியைத் தேடுவார்க்கும் அந்நூல் தென்படும். ‘சாப்ட் சில்க்’ என்னும் வணிக வழக்கை அறிமுகக் குறிப்பில் ஒருமுறை சொல்லி, அதற்குரிய தமிழ்ச்சொல்லை அதன் அருகே வைக்க. நூலுள் எங்கும் தமிழ்ச்சொல்லே ஆளுக. வாயிலில் வழக்குச்சொல் வரவேற்கும். உள்ளே தமிழ்ச்சொல் குடியிருக்கும். இதனால் தூய்மை குன்றாது. தூயசொல்லுக்குப் புதிய படிப்பாளி கிடைப்பார்.

இப்பணிக்குத் தமிழரிடம் பழைய படைக்கலம் ஒன்றுண்டு. சேந்தன் திவாகரத்தின் பன்னிரு தொகுதிகளுள் முதற் பத்தும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுப்பவை. அதுபோல் ஒவ்வொரு நூலாசிரியரும் தம் நூற்பொருள் ஒவ்வொன்றுக்கும், நூல்வழக்கு, ஊர்வழக்கு, கலப்புவழக்கு என மூவகைப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்க. அமேசான் கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்கள் விற்கப்பெறுகின்றன. அங்கே நூலேற்றும்போது தேடற்சொற்களுக்கென ஏழு கட்டங்கள் தரப்படுகின்றன. அவற்றை வெறுமையாய் விடுதல் கடையைத் திறந்து விளக்கேற்றாதிருப்பதை ஒக்கும்.

தமிழின் புணர்ச்சியையும் வேற்றுமையையும் கருதுதல் வேண்டும். ‘மரம்’ என்னும் சொல் ‘மரத்தை’ ஆகும்போது உருவே மாறுகின்றது. பொறி இம்மாற்றத்தை ஓரளவே உணரும். ஆகவே தலைமைச் சொல், உருபேற்காமல் தனித்து, தலைப்பிலோ முதற்பத்தியிலோ ஒருமுறையேனும் நிற்க வேண்டும். உள்ளடக்கப் பட்டியலையும் படமாக இடாது எழுத்தாகவே இடுக. படத்திலுள்ள எழுத்தை நம்பியிருத்தல் தகாது.

சொல் அமைந்தால் மட்டும் போதுமா? ஒரே சொல்லுடைய பல்லாயிரம் பக்கங்களுள் எதனை முதலிற் காட்டுவது? 1998-இல் தோன்றிய கூகுள், ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்துணை இணைத்துச் சுட்டுகின்றன என்பதை மதிப்பின் அளவாகக் கொண்டது. இன்று வேறு பல அளவுகோல்கள் சேர்ந்திருப்பினும், இதுவும் ஓர் அளவுகோலாகவே நிற்கின்றது. தமிழர்க்கு இது விளங்காத பொருளன்று. அண்மையிலுள்ள தகடூரின் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுநூலாகக் கிடைத்திலது. உரையாசிரியர்கள் எடுத்தாண்டமையாலும், ‘புறத்திரட்டு’த் தொகுத்தமையாலுமே அதன் பாடல்கள் சில எஞ்சின. பிறர் சுட்டிய நூலே பிழைக்கின்றது! எனவே எழுத்தாளர் ஒருவர் நூலை மற்றொருவர் படித்து, நேர்மையான திறனாய்வு எழுதி, நூலின் பக்கத்துக்கு இணைப்பும் தருக. பொருள்பெற்றுச் செய்யும் பொய்யிணைப்பும், ஒரே சொல்லை நூறுமுறை அடுக்குதலும் பொறியாற் கண்டறியப்பட்டால் நூல் பின்தள்ளப்படும். விக்கிப்பீடியாவில் தம்மைப்பற்றித் தாமே கட்டுரை எழுதுதலும் அங்குள்ள நெறிக்கு ஒவ்வாது.

இணையத்திற்கு வெளியேயும் தேடுவார் உளர். கல்வி அமைச்சகத்தின்கீழ் உள்ள இராசாராம் மோகன்ராய் முகவகம் பன்னாட்டுத் தரநூலெண்ணைக் கட்டணமின்றி வழங்குகின்றது. 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, கொல்கத்தாத் தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பிற மூன்று நூலகங்களுக்கும் படி அனுப்புதல் வெளியிடுவோர் கடமை. தாமே வெளியிடுவோர்க்கும் இஃது உரியது. அப்படிகள், ஆசிரியர் காலத்திற்குப் பின்னும் அந்நூலுக்குச் சான்றாய் நிற்கும்.

இதில் ஒருவர் நூல் விற்பதும் விற்காததும் மட்டுமா அடங்கியுள்ளது? பாவு, ஊடை, தார், நாடா, விழுது என இவ்வூர்த் தறிக்குழியில் வழங்கும் சொற்களை எழுதிவைத்தவர் நூல் எவர்க்கும் தென்படாதாயின், நெசவைப் பற்றித் தேடும் தமிழ்ப்பிள்ளை காண்பது பிறர் எழுதிய பிறமொழிச் சொல்லையே. அதனையே தன் பாட்டன் தொழிலின் பெயரென்றும் கொள்ளும். மொழியைக் கற்கும் இன்றைய கணிப்பொறிகளும் தமக்குக் கிடைக்கும் எழுத்திலிருந்தே கற்கின்றன. கிடைக்காத சொல்லை அவை கல்லா.

ஆதலின், நூலெழுதியோரே, இன்றிரவே ஒன்று செய்க! தம் நூலின் பொருளை, அதனை அறியாதார் ஒருவர் எச்சொல்லாற் கேட்பாரோ, அச்சொல்லைத் தேடுபொறியில் இட்டுப் பார்க்க. தம் நூல் அங்கே தென்படவில்லையாயின், தமிழரைப் பழிக்குமுன் தம் நூற்குறிப்பைத் திருத்துக.