சர்க்கரை இல்லாத இனிப்பா? சரியாகச் சொல்லி விற்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன தீபாவளிக்கு எங்கள் குழு திருச்செங்கோட்டில் பலகார ஸ்டால் போட்டது. நாட்டுச் சர்க்கரையில் பிடித்த எள்ளுருண்டைக்கு "சுகர் உள்ளவர்களும் சாப்பிடலாம்" என்று நான்தான் அட்டை எழுதி வைத்தேன். ஒரு பெரியம்மா அதை நம்பி அரைக் கிலோ வாங்கிட்டுப் போனாங்க. அடுத்த வாரம் அவங்க மருமகள் வந்து, "அத்தைக்கு சுகர் 300க்கு மேல ஏறிருச்சுங்க. நீங்க எழுதினதைப் பார்த்துத்தான் தினமும் சாப்பிட்டாங்க"ன்னு சொன்னாங்க. சண்டை போடலைங்க. எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியலை.

தப்பு என்னுடையது. நம்ம பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வர்ற வெல்லமும் கரும்புச் சாறுதான், வெள்ளைச் சர்க்கரையும் கரும்புச் சாறுதான். ரெண்டுமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

சரி, செயற்கை இனிப்புப் பொடி போட்டுச் செய்யலாமா? செய்யலாம். ஆனால் எல்லாப் பலகாரத்துக்கும் ஆகாது. சுக்ரலோஸ் சர்க்கரையைவிட சுமார் 600 மடங்கு இனிப்பு. ஆனால் அதில் பாகு வராது. மைசூர்பாகு கட்டுவதும், கச்சாயத்துக்குப் பதம் வருவதும், கேக் மெத்தென்று இருந்து மேலே சிவப்பதும் சர்க்கரையால்தான்.

அடுத்தது சூடு. ஆஸ்பர்டேம் ரொம்ப நேரம் கொதித்தால் இனிப்புப் போயிடும். சுக்ரலோஸை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தீங்கான பொருட்கள் உண்டாகலாம் என்று ஜெர்மனி அரசின் ஆய்வு நிறுவனம் 2019ல் எச்சரித்தது. கேக் வேகும் சூடும், எண்ணெய்ச் சட்டியின் சூடும் அதைவிட அதிகம். அதனால் பால் பாயசம், கேரட் கீர் மாதிரி செய்து, அடுப்பிலிருந்து இறக்கின பிறகு பொடியைக் கலக்கோணும். அளவு டப்பாவிலேயே போட்டிருக்கும்.

பொடி போட்டாலும் அரிசி, சேமியாவில் மாவுச்சத்து இருக்குது. அதுவும் சுகரை ஏற்றும். சின்னக் கிண்ணம் போதும். உடம்பு இளைக்கவும் இதை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லியிருக்குது. அந்த அறிவுரை ஏற்கனவே சர்க்கரை நோய் உள்ளவங்களுக்கானது இல்லை. அவங்க தங்கள் டாக்டரைக் கேட்டுக்கட்டும். குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

விற்கும்போது மூன்றை மறக்காதீங்க:

1. வெல்லம் போட்டால் "வெல்லம் சேர்த்தது" என்றே எழுதுங்க.
2. பொடி போட்டால் "செயற்கை இனிப்பு சேர்த்தது" என்று அதன் பெயரோடு எழுதுங்க.
3. பாக்கெட் போடும் முன் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் பதிவும் லேபிள் விதியும் கேட்டுக்கங்க.

அந்தப் பெரியம்மாவைக் குழுவாகப் போய்ப் பார்த்தோம். மாத்திரை மாற்றி, இப்போ பரவாயில்லைங்க. "அட்டையை மாத்தினால் வியாபாரம் குறையுமே"ன்னு எங்க குழுவிலேயே கேட்டாங்க. குறைஞ்சாலும் பரவாயில்லைன்னு தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம். உங்க குழுவிலும் அதைச் செய்யுங்க.