பிரேசில் போகிறவர்களுக்கு



"அண்ணே, வெளிநாட்டு வேலைக்குப் போனா என்னென்ன கவனிக்கணும்?" என்று தம்பிகள் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது பிரேசில்தான். 2018-இல் நூற்பு இயந்திரங்கள் நிறுவ, தெற்கே புளூமெனாவ் என்ற ஊருக்கு ஆறு வாரம் போயிருந்தேன். நம்ம ராஜபாளையம் மாதிரி அதுவும் மில் ஊர்.

முதலில் தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாமலே பிரேசில் நம்மை உள்ளே விட்டுவிடும். சிக்கல் திரும்பி வரும்போதுதான். அந்தக் காய்ச்சல் இந்தியாவில் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. அதனால் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து வருகிறவரை 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. ஆடிப்பூரத்துக்கு வந்துடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடியபோது நான் ஒரு அறையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்பா கடைசியாக வடம் பிடித்தது அந்த வருஷம்தான்.

ஆகவே தம்பிகளா, பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போங்க. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டைக் காட்டி ஊசி போட்டுக்குங்க. போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அப்புறம் ஆயுளுக்கும் போதும்.

நமக்கு ஆடி என்றால் அங்கே குளிர்காலம். ஸ்வெட்டர் அவசியம். மிக்சி கொண்டுபோவதானால் ஊரைக் கேட்டுக்கொள்ளுங்கள். புளூமெனாவில் 220 வோல்ட். சாவோ பாலோவில் பெரும்பாலும் 127. அங்கே நம்ம மிக்சி சட்னி அரைக்காது, சும்மா முனகும். பிளக்கும் வேறு மாதிரி.

சைவக்காரர்கள் "சேங் கார்னி", அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும்! "சேங் ஃப்ராங்கு" என்று கோழியையும் சேர்த்துச் சொல்லணும். சோற்றுக்கு ஊற்றும் பீன்ஸ் குழம்பில்கூடப் பன்றி இறைச்சி கிடக்கும். எடை போட்டுக் காசு வாங்கும் ஓட்டல்கள் உண்டு. வேண்டியதை நாமே எடுத்துக்கலாம். அதுதான் எனக்குச் சோறு போட்டது. பாலும் சர்க்கரையும் சுண்டக் காய்ச்சிய ஒரு இனிப்பு, "தோசி ஜி லெய்ச்சி" என்று பெயர். நம்ம பால்கோவாவுக்குப் பங்காளி.

பாஷைக்குப் பயப்படாதீங்க. பாதி நம்ம வீட்டிலேயே இருக்கு. ஜன்னல் அங்கே "ஜனேலா", மேஸ்திரி "மேஸ்த்ரி", சாவி "ஷாவி". ஆனால் நான் "ஷாவி" கேட்டபோது ஸ்பேனர் வந்தது. அதற்கும் அதே பேர்தானாம்.

ஒன்று மட்டும் செய்யாதீங்க. சாப்பாடு பிரமாதம் என்று கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுவோமே, அது அங்கே கெட்ட அர்த்தம். கேன்டீன் அம்மாவிடம் காட்டிவிட்டேன். கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். மேஸ்திரிதான் சிரித்துச் சமாதானம் செய்தார். மறுநாளிலிருந்து கட்டைவிரலை மட்டும் உயர்த்தினேன். பீன்ஸ் ஒரு கரண்டி கூடவே விழுந்தது, பன்றி இல்லாமல்.