நெல்லு காத்திருக்கும், நாத்து காத்திருக்குமா?

பொங்கல் முடிஞ்சும் நான் இன்னும் ஊர்லதான் இருக்கேன். சாக்கோட்டை, காரைக்குடிக்குப் பக்கத்துல. கும்பகோணத்துக்கிட்ட ஒரு சாக்கோட்டை இருக்கு, அது வேற. வழக்கமான மைக் சென்னை ரூம்ல கிடக்குது. அப்பத்தா வீட்டு உள்ரூம்ல உட்கார்ந்து போன்லயே ரெக்கார்டு பண்றேன். நடுவுல சேவல் கூவினா பொறுத்துக்கோங்க.

இந்த வாரம் வந்த வாய்ஸ் நோட்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். "ப்ரோ, ஐ.எஸ்.எல். வருது! எபிசோட் போடுங்க!" ஆமா, வருது. ஜனவரி 6-ஆம் தேதி விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவிச்சிட்டார். பிப்ரவரி 14 தொடக்கம், 14 கிளப்பும் ஆடும். அந்தச் செய்தி வந்தப்போ ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன். மைக் மியூட்ல இருக்குன்னு நினைச்சு "ஏய்!"ன்னு கத்திட்டேன். மியூட்ல இல்ல.

அந்தச் சந்தோஷம் ஒரு அஞ்சு நிமிஷம்தான் இருந்தது. அப்புறம் என் மாப்ளை ஞாபகம் வந்துட்டான். இன்னிக்கு எபிசோட் அவனைப் பத்தினது. நான் பண்ண ஒரு தப்பைப் பத்தினதும்கூட.

மாப்ளைன்னா எங்க அத்தை பையன். என்னைவிட அஞ்சு வயசு சின்னவன். இங்கிருந்து பக்கத்துல புதுவயல்தான் அவங்க ஊரு. அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊர். 2015 டிசம்பர் 20, ஐ.எஸ்.எல். ஃபைனல். நான் பிளஸ் டூ, அவனுக்கு 12 வயசு. அத்தை வீட்டு டி.வி.ல சேர்ந்து பார்த்தோம். அந்த மாசம் சென்னை வெள்ளத்துல கிடந்தது. நம்ம சென்னையின் எஃப்.சி. செமி ஃபைனலோட சொந்த மண் ஆட்டத்தையே புனேயில போய் ஆட வேண்டியதாச்சு. ஃபைனல் கோவாவுல, கோவா அணியோட. 90 நிமிஷம் நெருங்கறப்போ 2-1ன்னு பின்னாடி இருக்கோம். அத்தை டி.வி.யை அணைக்கச் சொல்லிட்டாங்க. அப்போ எதிர் கோல்கீப்பர் கை பட்டே ஒண்ணு உள்ள போகுது. அடுத்து மெண்டோசா ஒண்ணு அடிக்கிறார். 3-2. கப்பு நமக்கு.

அன்னிக்கு ராத்திரி தெருவுல அவன் பந்தை உதைச்ச சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. நான் ரசிகனா இருந்துட்டேன். அவன் ஆட்டக்காரன் ஆயிட்டான். கோடையில கம்மாய் வத்தினா அதுதான் அவனுக்கு கிரவுண்டு. 17 வயசுல சென்னைக்குப் போனான். லீக் கிளப் ஒண்ணுல லெஃப்ட் பேக். போன ஜூன்ல ஒரு பெரிய கிளப் அவனை ட்ரையலுக்குக் கூப்பிட்டுது. பேர் வேண்டாம். பார்த்தாங்க, பிடிச்சிருந்தது. "ப்ரீ சீசன் ஆரம்பிக்கட்டும், கையெழுத்து போட்டுக்கலாம்"னு சொன்னாங்க.

ஜூலை 11-ல சீசனையே நிறுத்தி வெச்சாங்க.

ஏன் நிறுத்தினாங்கன்னு இன்னும் பலருக்குக் குழப்பம் இருக்கு. எங்க ஊர்க் கணக்குல சொல்றேன். கம்மாய் மீனை ஏலம் விடுவாங்க தெரியுமா? குத்தகைக்கு எடுத்தவர்தான் குஞ்சு விடுவார், வலை போடுவார், விற்பார். இங்க கம்மாய், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு. குத்தகைக்காரர் ரிலையன்ஸ் பக்கம். 2010 டிசம்பர்ல 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்னு ஒப்பந்தம். அதுலதான் 2014-ல ஐ.எஸ்.எல். பிறந்தது. நடத்தினது எஃப்.எஸ்.டி.எல்.ங்கற நிறுவனம். அந்தக் குத்தகை 2025 டிசம்பர் 8-ஓட முடியுது. சீசனோ செப்டம்பர்ல தொடங்கி அடுத்த வருஷத்துக்குள்ள போற சீசன். டிசம்பரோட கம்மாய் கை மாறும்னா, செப்டம்பர்ல யார் மீன் குஞ்சு விடுவாங்க?

புதுக் குத்தகை பேசலாம்னா கூட்டமைப்போட சட்டதிட்டம் பத்தின வழக்கு சுப்ரீம் கோர்ட்ல இருந்தது. தீர்ப்பு செப்டம்பர் 19-ல வந்தது. அப்புறம் டெண்டர் விட்டாங்க. வருஷத்துக்குக் குறைஞ்சது 37.5 கோடி, இல்லன்னா மொத்த வருமானத்துல 5 சதவீதம், எது அதிகமோ அது. நவம்பர் 7 கடைசி நாள். எத்தனை பேர் கேட்டாங்க? ஒருத்தர்கூட இல்ல.

இதுக்கு நடுவுல ஆகஸ்ட்ல பெங்களூரு எஃப்.சி. முதல் அணிக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தி வெச்சதா அறிவிச்சுது. நம்ம சென்னையினும் முதல் அணி வேலைகளை நிறுத்தி வெச்சுது. நியாயமா முதலாளிங்க பக்கமும் பேசணும். ஆட்டம் எப்போன்னு தெரியாது, டி.வி. உரிமை யாருக்குன்னு தெரியாது, ஸ்பான்சர் இல்ல. எந்தக் கணக்குல சம்பளம் எழுதுறதுன்னு அவங்க கேட்டா அதுலயும் அர்த்தம் இருக்கு. டிசம்பர்ல மான்செஸ்டர் சிட்டியோட குழுமமே மும்பை சிட்டி கிளப்பை விட்டுட்டு வெளியேறிடுச்சு. அவ்வளவு பெரிய கைகளே விலகின இடம் இது.

ஆனா முதலாளிக்கு நஷ்டம் வேற, ஆட்டக்காரனுக்கு நஷ்டம் வேற. அதுதான் எனக்கு அப்போ புரியல.

உலகத்துல கால்பந்துக்கும் தொழில் தகராறுக்கும் உறவு புதுசு இல்ல. 1961-க்கு முன்னாடி இங்கிலாந்துல ஒரு ஆட்டக்காரன் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு விதியே இருந்தது. ஜிம்மி ஹில் தலைமையில வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தேதி குறிச்சுது. தேதி நெருங்கறப்போ முதலாளிங்க இறங்கி வந்தாங்க. கொஞ்ச நாள்ல ஃபுல்ஹாம் கிளப்போட ஜானி ஹேய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கினார். அதுக்கு நேர் மாறா அமெரிக்காவுல, அவங்க ஊர் ஃபுட்பால்ல, 1987-ல வீரர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. முதலாளிங்க என்ன பண்ணாங்க தெரியுமா? ஒரு வாரம் ஆட்டத்தை ரத்து பண்ணிட்டு, அடுத்த மூணு வாரம் மாற்று ஆட்களை இறக்கி மேட்ச் நடத்திட்டாங்க. வீரர்கள் ஒப்பந்தம் இல்லாமலே திரும்பி வந்தாங்க. 2011-ல அதே லீக்ல முதலாளிங்களே கதவடைப்பு செஞ்சாங்க. மார்ச்லேர்ந்து ஜூலை வரைக்கும்.

மில் இருக்கிற ஊர்க்காரங்களுக்கு இந்த ரெண்டு வார்த்தையும் தெரியும். தொழிலாளி செஞ்சா வேலைநிறுத்தம், முதலாளி செஞ்சா கதவடைப்பு. நம்ம கதை ரெண்டும் இல்ல. இங்க கதவே இல்ல. ஸ்ட்ரைக் பண்ணணும்னா முதல்ல நிறுத்துறதுக்கு ஒரு வேலை இருக்கணுமே! நவம்பர்ல நம்ம வீரர்கள் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டாங்க. என்ன கேட்டாங்க? சம்பள உயர்வா? இல்ல. ஆட விடுங்கன்னு கேட்டாங்க. இந்த ஜனவரி தொடக்கத்துல சுனில் சேத்ரி, குர்பிரீத், ஜிங்கன் எல்லாம் வீடியோவுல வந்து ஃபிஃபா தலையிடணும்னு கேட்டாங்க. போன சீசன்ல 40 வயசுல 14 கோல் அடிச்ச மனுஷன், வேலை பார்க்க விடுங்கன்னு கைகட்டிக் கேட்கற மாதிரி ஆயிடுச்சு.

அந்த டிசம்பர்லதான் மெஸ்ஸி நாலு ஊருக்கு வந்துட்டுப் போனார். கொல்கத்தாவுல டிக்கெட் வாங்கியும் சரியா பார்க்க முடியலன்னு ஜனங்க நாற்காலியைத் தூக்கி வீசினாங்க. இந்த நாட்டுல கால்பந்துக்குச் செலவு பண்ண ஆள் இல்லைன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

சரி, என் தப்புக்கு வர்றேன்.

ஆகஸ்ட் கடைசியில மாப்ளை போன் பண்ணான். ஒரு அரசுத் துறையில விளையாட்டு ஒதுக்கீட்டுல ஆள் எடுக்குறாங்க, ட்ரையலுக்கு வரச் சொல்லியிருக்காங்கன்னு சொன்னான். "போனா அந்த டீமுக்குத்தான் ஆடணும் மச்சான். கிளப்புக்காரங்க கூப்பிட்டா போக முடியாது. என்ன பண்றது?"ன்னு கேட்டான்.

நான் யோசிக்கவே இல்ல. "பொறுடா மாப்ள. இவ்வளவு பெரிய லீகை யாரும் மூட மாட்டாங்க. ஒரு மாசத்துல சரியாயிடும்"னு சொன்னேன். அவன் ட்ரையலுக்குப் போகல.

இப்போ யோசிச்சா, அது அவனுக்காகச் சொன்ன வார்த்தையே இல்ல. ரசிகனா எனக்கு நானே சொல்லிக்கிட்ட ஆறுதல். லீக் திரும்ப வரும்னு நான் நம்பணும். அந்த நம்பிக்கைக்கு அவன் ஒரு சாட்சியா வேணும். நான் காத்திருந்தப்போ எனக்கு என்ன செலவு ஆச்சு? மாசச் சம்பளம் வந்தது. சனிக்கிழமை ராத்திரி பிரீமியர் லீக் பார்த்தேன். மஞ்சள், நீலம் எந்த ஜெர்ஸியும் பீரோவுல பத்திரமா இருந்தது. எங்க ஐ.டி.ல பெஞ்ச்சுனு ஒண்ணு உண்டு. புராஜெக்ட் இல்லாம உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் வரும், கோடிங் மறந்துடாது. லெஃப்ட் பேக் பெஞ்ச்ல ஆறு மாசம் உட்கார்ந்தா காலு மறந்துடும்.

ஒரு மாசத்துல சரியாகும்னு சொன்னேன்ல? அஞ்சு மாசம் ஆச்சு. அவன் புதுவயல்ல ஒரு ஆலையில மூட்டைக் கணக்கு எழுதிக்கிட்டு இருக்கான். பிப்ரவரி 14 அறிவிப்பு வந்ததும் அவனே கிளப்புக்கு போன் பண்ணான். "இந்தத் தடவை பட்ஜெட் கம்மி, ஸ்குவாடும் சின்னது, அடுத்த சீசன் பார்க்கலாம்"னு சொல்லிட்டாங்க.

கணக்குப் போட்டுப் பார்த்தா அவங்க சொல்றதும் புரியுது. போன சீசன் 13 அணி, ஒவ்வொருத்தரும் ஒவ்வொருத்தரோடயும் ரெண்டு தடவை, 156 லீக் மேட்ச். இந்தத் தடவை 14 அணி, ஒரே ஒரு தடவை. மொத்தம் 91. போன தடவை ஒரு அணிக்கு 24 ஆட்டம், இப்போ 13. ஆட்டம் குறைஞ்சா வருமானம் குறையும், உள்ள இருக்கிற வீரர்கள்கிட்டயே சம்பளத்தைக் குறைச்சுக்கச் சொல்லிப் பேச்சு நடக்குது. அப்போ வாசல்ல நிக்கிற 22 வயசுப் பையனுக்கு எங்கேர்ந்து இடம் வரும்?

மாட்டுப் பொங்கல் அன்னிக்கு இதைத் திண்ணையில உட்கார்ந்து புலம்பிக்கிட்டு இருந்தேன். அப்பத்தாவுக்கு ஐ.எஸ்.எல். தெரியாது. கதை பூரா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. "நெல்லு குதிர்ல காத்திருக்கும்டா. நாத்து காத்திருக்குமா?"

விவசாயம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அறுத்த நெல்லை வெச்சிருந்தா ஒண்ணும் ஆகாது, பழைய அரிசிக்கு மவுசுகூட உண்டு. நாத்து அப்படி இல்ல. மழை தவறி நடவு தள்ளிப் போனா நாத்தங்கால்லயே முத்திடும். அப்புறம் மழை எவ்வளவு பெஞ்சாலும் அதைப் பிடுங்கி நட்டா சரியா தூர் கட்டாது.

நாம எல்லாம் நெல்லு மக்களே. பத்து மாசம் என்ன, பத்து வருஷம் கழிச்சு வந்தாலும் ஸ்டேடியத்துல போய் உட்கார்ந்துப்போம். அதனாலதான் நம்ம காத்திருப்பை ஒரு பெரிய தியாகம் மாதிரி பேசிக்கிறப்போ எனக்கு இப்போ கூச்சமா இருக்கு. பிப்ரவரி 14-ல லீக் திரும்ப வந்துடுச்சுன்னு கொண்டாடுவோம். நானும் கொண்டாடுவேன், பொய் சொல்லல. ஆனா எல்லாரும் திரும்ப வரல. கிட் மடிச்சு வெச்ச அண்ணன், பிசியோ, ட்ரையல் முடிஞ்சு கையெழுத்துக்கு நின்ன பசங்க, இவங்க யார் பேரும் அந்த அறிவிப்புல இல்ல. இந்த ஏற்பாடு இந்த ஒரு சீசனுக்குத்தான். அடுத்த குத்தகை பேசும்போது வீரர்கள் சங்கத்துக்கு மேசையில ஒரு நாற்காலி உண்டா, லீக் நின்னா குறைஞ்சபட்சச் சம்பளம் உண்டான்னு ரசிகர்கள் நாம கேட்கலாம். பேனர் எழுதறப்போ அதையும் ஒரு வரி எழுதலாம்.

மாப்ளைகிட்ட மன்னிப்பு கேட்டேனான்னா, கேட்டேன். நேத்து சாயங்காலம், பொட்டல்ல ஊர்ப் பசங்களோட ஆடி முடிச்சு மூச்சு வாங்கிட்டு இருந்தப்போ. அவன் ஷூ லேஸை அவுத்துக்கிட்டே, "விடு மச்சான், போகாதது நான்தானே"ன்னான். கோபப்பட்டிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

அவனோட பழைய லீக் கிளப்ல பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்காங்க. காசு பெருசா இல்ல. ஒதுக்கீட்டு ட்ரையல் அடுத்து எப்போ வருதுன்னும் பார்த்துக்கிட்டு இருக்கான். நாளைக்கு விடியக்காலம் பல்லவன்ல ரெண்டு பேரும் சேர்ந்துதான் சென்னைக்குப் போறோம். "இந்தத் தடவை எதுக்குப் போகலாம், சொல்லு மச்சான்"னு கேட்டான். "ரெண்டு வாசல்லயும் போய் நில்லு மாப்ள, எது முதல்ல திறக்குதோ உள்ள போயிடு. என் பேச்சைக் கேட்காத"ன்னு சொல்லிட்டேன். சிரிச்சான்.

உங்க பக்கத்துலயும் இப்படி ஒருத்தர் இருந்தா, அவங்க சம்மதத்தோட கதையை வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த எபிசோட் சென்னையில இருந்து, ஒழுங்கான மைக்ல. சேவலுக்கும் சேர்த்து நன்றி. வர்றேன் மக்களே.