விடைகொடுத்த பாட்டு



பழைய மாணவன் மைக்கைப் பிடிச்சா அறிவுரைதான் என்று கடைசி வரிசை நெளிவது தெரிகிறது. பயப்படாதீங்க. ஒரு பாட்டைப் பற்றித்தான் பேசப் போறேன்.

'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்றால் 'தி பாடிகார்ட்' படமும் விட்னி ஹூஸ்டன் குரலும்தான் பலருக்கு நினைவு வரும். 1992 கடைசியில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்து, 14 வாரம் அசையாமல் நின்ற பாட்டு. ஆனால் அதை எழுதியவர் டாலி பார்ட்டன் அம்மையார். 1973-லேயே அவர் பாடிப் பதிவு செய்த கன்ட்ரி பாட்டு அது. அதாவது, அந்த நாட்டுக் கிராமத்து மண்ணிலிருந்து வளர்ந்த இசை.

டென்னஸி மலைப்பக்கம், 12 பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பம். 1964-ல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் நகருக்குப் புறப்பட்டுவிட்டார். 1967-ல் போர்ட்டர் வேகனர் என்ற மூத்த பாடகர் தம் டெலிவிஷன் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டு ஆளாக்கினார். ஆறேழு வருஷம் ஆயிற்று. தனியாக நிற்கணும் என்று டாலிக்கு ஆசை. அவரோ விடுவதாக இல்லை. தினம் வாக்குவாதம். கடைசியில் டாலி வீட்டுக்குப் போய் ஒரு பாட்டு எழுதினார். மறுநாள் அவர் எதிரிலேயே பாடிக் காட்டினார். கேட்டவர் கண் கலங்கி, போக விட்டார்.

ஆக, காதல் பாட்டு என்று உலகமே உருகியது, வளர்த்துவிட்டவரிடம் விடைபெற எழுதிய பாட்டு! 1974-ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். 1982-ல் ஒரு படத்துக்காக மறுபடி பாடினார், மறுபடியும் முதலிடம்.

நடுவில் ஒன்று நடந்தது. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். யாருக்குக் கிடைக்கும் அந்த அதிர்ஷ்டம்? ஆனால் பாட்டின் பதிப்புரிமையில் பாதியை எழுதிக் கொடுத்தால்தான் ஆச்சு என்றார் அவருடைய மேனேஜர். டாலி மறுத்துவிட்டார். அன்று ராத்திரி முழுக்க அழுததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அழுதாரே தவிர, கையெழுத்துப் போடவில்லை. அதனால்தான் 1992-ல் விட்னி பாடியபோது, பாட்டை எழுதிய பங்கும் பதிப்புப் பங்கும் அவரிடமே வந்து சேர்ந்தன.

பாட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்தது என்றும் நினைக்காதீங்க. 1979-ல் வேகனர் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்தது. 2007-ல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரியில் வேகனருக்குப் பாராட்டு விழா. டாலி வந்து அதே பாட்டைப் பாடினார். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே ஆண்டில் காலமானார்.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்களும் இந்த வாசலைத் தாண்டுவீங்க. வளர்த்தவர்களை விட்டுப் பிரியும் நேரம் வரும், நன்றியோடு பிரியுங்க. பெரிய பெயரைச் சொல்லி யாராவது பத்திரத்தை நீட்டுவாங்க. முழுசாப் படிச்சுப் பாருங்க. நன்றிக்கடன் வேறு, நம் உழைப்பின் உரிமை வேறு. ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

அறிவுரை சொல்லமாட்டேன்னு சொல்லிட்டு சொல்லிட்டேன். பொறுத்துக்குங்க.